மின்தோலை நம்பிக் கழுத்தைக் கொடுத்த கதை

கத்தியைக் கையிலும் கனிவைக் கண்ணிலும் வைத்துத் தொழில் நடத்தும் இந்த முடிதிருத்துவோர் சங்கத்தின் தலைவர் அவர்களே, தலை நரைத்தும் கை நடுங்காத மூத்த உறுப்பினர்களே, தன்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிட்ட பொறியாளர் அம்மையார் அவர்களே, பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துவிட்டு என்னையும் தாங்கிக்கொள்ளத் துணிந்திருக்கும் தாய்மார்களே, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்து நிம்மதியாக அமர்ந்திருக்கும் முன்னவர் அவர்களே, அனைவர் முன்னும் என் வணக்கத்தைப் பணிந்து வைக்கிறேன்.

நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறவன் அல்ல. தொழிலாளர் பாதுகாப்புத் துறையில் தகுதி பார்க்கும் அதிகாரி. அடிபட்டவர் தன் பழைய வேலைக்குத் திரும்பலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அழுதாலும் சான்று தரமாட்டேன், சிரித்தாலும் தரமாட்டேன். ஆகவே இன்று நான் சொல்வதை ஒரு கல் எழுந்து நின்று சொல்வதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் சட்டை காலையிலிருந்து உங்கள் தோளைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே, தெரிந்ததா? நாற்காலி முதுகைத் தொடுகிறதே, தெரிந்ததா? செருப்பின் வார் பாதத்தைத் தொடுகிறதே, தெரிந்ததா? இப்போது தெரிகிறது. அதோ ஒருவர் காலரைத் தளர்த்துகிறார். மன்னியுங்கள் ஐயா, நான் கிளப்பிவிட்ட அரிப்பு அது. சற்று நேரத்தில் தானே மறந்துபோகும். தொட்டதைச் சொல்வது தோலின் தொழில். சொன்னதையே சொல்லிச் சலிப்பூட்டாதது தோலின் தகைமை. மேடையில் பேசும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தகைமை கிடையாது.

மேடை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூ விழுந்தது போலக் கை படும் என்பதால் பூக்கை என்று பெயர் வாங்கியவர். மனைவியின் அண்ணன் கடையில் வேலை. ஒரு நாள் சுவர்க் கண்ணாடியை மாற்றும்போது அது சரிந்து இவருடைய இடது மணிக்கட்டை அறுத்துவிட்டது. நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் அசைந்தன, மடங்கின, பிடித்தன. ஆனால் எதைப் பிடித்தோம் என்பது மட்டும் அந்த விரல்களுக்குத் தெரியவில்லை.

சவரம் என்பது வலது கையின் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். இடது கை தோலை இழுத்துப் பிடிக்காவிட்டால் வலது கை என்ன செய்யும்? அங்கே தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கே உங்கள் பாடத்தை நடத்துகிறேன், பொறுத்தருளுங்கள்.

இவர் சோப்புத் தூரிகையை எடுத்தாலே கடையில் இருப்பவர்களுக்கு வீட்டில் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது, எழுந்து ஓடினார்கள். கடைசியில் மச்சான் சொன்னார்: "மாப்ளே, நீ கல்லாவுல உக்காந்துக்க. கத்திய நான் பாத்துக்கறேன்."

"கல்லாவுல உக்காந்தா எதிர்ல கண்ணாடிதான் மச்சான் இருக்கு. நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதையும் அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார்.

அப்போதுதான் இந்தப் பொறியாளர் அம்மையார் வந்தார். வெங்காயத்தின் மேல்தோலைப் போல ஒரு மெல்லிய ஏடு. அதை விரல் நுனியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மேற்கையில் ஒரு பட்டை. விரலில் பட்டது எதுவோ, எவ்வளவு அழுத்தமோ, அந்த அளவுக்குப் பட்டை மேற்கையில் தட்டிச் சொல்லும். உணர்வற்ற விரலுக்கு உணர்வுள்ள இடத்திலிருந்து ஒரு வாய். அதன் பெயர் மின்தோல்.

முதல் நாள் மகிழ்ச்சி. மறுநாள் மதியத்துக்குள் கழற்றிவிட்டார். சீப்பைப் பிடித்தால் தட்டல், பிடித்துக்கொண்டே இருந்தால் தட்டல், கையைப் பையில் விட்டால் தட்டல், தட்டல், தட்டல்.

"அம்மா, இது எல்லாத்தையும் சொல்லுது. விடாம சொல்லுது. தலைக்குள்ள யாரோ உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

பக்கத்தில் இருந்த மனைவி சொன்னார்: "எங்க அண்ணன் ஒருத்தர் பேசறது போதாதா, கையிலயும் ஒருத்தரா?"

சிரியுங்கள், மச்சானும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்.

அம்மையார் யோசித்தார். நம் தோல் சட்டையை மறப்பதுபோல மின்தோலும் மறக்க வேண்டும் என்று கண்டார். மாறாத தொடுகை மெல்ல மெல்ல மௌனமாகும்படி திருத்திக்கொண்டு வந்தார். சோதிப்பதற்கு, உங்கள் பயிற்சிப் பள்ளிகளில் செய்வதுபோல, பலூனில் நுரை பூசி மழிக்கச் சொன்னார். அன்றுதான் நானும் முதல் முறையாகக் கடைக்குப் போயிருந்தேன்.

பூக்கை பலூனைப் பிடித்தார். பட்டை தட்டியது. அசையாமல் பிடித்திருந்தார். பட்டை மறந்தது. பட்டை அடங்கியதும், கையில் பலூன் இல்லையோ என்று இவருக்கு ஐயம். அழுத்திப் பிடித்தார். பட்டை அசந்துபோய்க் கிடந்தது. இன்னும் அழுத்தினார். பலூன் வெடித்தது, சாட்சி நுரையில் நனைந்த என் சட்டை. அம்மையாரின் மூக்குக் கண்ணாடி முழுக்க நுரை. அதைத் துடைக்காமலே அவர் சொன்ன சொல்லைத்தான் இந்த மேடையில் சொல்ல வந்தேன்.

"மறக்கட்டும். தூங்கக் கூடாது."

எத்தனை எளிய சொல், எத்தனை அரிய வேலை. மாறாததை மறக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் விழிக்க வேண்டும். அவர் மீண்டும் ஆய்வுக்கூடம் போனார், மீண்டும் வந்தார், மீண்டும் போனார். ஒருவழியாகத் திருத்திய மின்தோலுடன் வந்தபோது என்னையும் வரச் சொன்னார்கள். இந்த முறை சான்று, அல்லது கல்லா. இரண்டில் ஒன்று.

விதிப்படி பலூன் போதும். பூக்கை பலூனைப் பழுதில்லாமல் மழித்துக் காட்டினார். ஆனால் பலூனுக்குத் தொண்டை உண்டா? பலூன் இருமுமா? பலூனுக்குப் பயம் உண்டா? ஆகவே, யாராவது முகம் தருகிறீர்களா என்று கேட்டேன். மச்சான் கூரையைப் பார்த்தார். காத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தித்தாளில் முக்கியமான செய்தி கிடைத்தது.

நானே உட்கார்ந்தேன். துணிச்சலால் அல்ல, கோப்பு வேலையை முடிக்க வேண்டும் என்பதால். கன்னத்தில் கத்தி ஓடியவரை நான் அதிகாரியாக இருந்தேன்.

"தலையச் சாய்ச்சுக்குங்க சார்."

சாய்த்தேன். கத்தி கழுத்துக்கு வந்தது. அதிகாரி போய்விட்டார், வெறும் கழுத்து மட்டும் மிஞ்சியது. என் தாடைக்குக் கீழே அந்த இடது கை அசையாமல் இருந்தது.

"பட்டை ஏதாவது சொல்லுதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். சும்மா இருக்கு."

சும்மா இருக்கிறது என்றதும் எனக்குப் பலூன் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். வாய் உலர்ந்து எச்சிலை முழுங்கினேன்.

முழுங்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் கத்தி என் கழுத்தை விட்டு எழுந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காதுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க சார்."

"யார் பயந்தா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. விரல் சொல்லுச்சு, முழுங்குனீங்க." கத்தியை உயர்த்தியபடியே நின்றார். "நல்லா முழுங்கிக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

கடையில் செய்தித்தாள்கள் இறங்கின. வாசலில் நின்ற மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மச்சான் கல்லாவை விட்டு வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளை தோளில் போட்டார். நான் பாதி முகத்தில் நுரையோடு சான்றில் கையெழுத்துப் போட்டேன்.

அவையோரே, தொடுதல் என்பது என்ன? சூடு தெரிவதா, சொரசொரப்புத் தெரிவதா? அவையெல்லாம் தோலுக்குக் கிடைக்கும் தகவல்கள். நம் கைக்குள் இருக்கும் ஒருவர், வாய் திறந்து சொல்லாமல், தொண்டைக்குள் அச்சத்தை முழுங்குகிறாரே, அது தெரிவதல்லவா தொடுதல்? தெரிந்ததும் கத்தியைத் தூக்குவதல்லவா தொடுதல்? நரம்பு அறுபட்ட ஒரு கைக்கு அதை மீட்டுத் தர முடிந்திருக்கிறது. நரம்பு அறுபடாத கைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன. பிள்ளையின் தோளைப் பிடித்திருக்கும் கை, மனைவியின் கையைப் பிடித்திருக்கும் கை, மனுவை வாங்கும் கை, கையெழுத்துப் போடும் கை. பழகப் பழக அவை மறக்கும். மறக்கட்டும், அது இயற்கை. தூங்கக் கூடாது, தூங்கக் கூடாது, தூங்கவே கூடாது.

கைதட்டலை அந்தக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள்.

இடம் தந்த சங்கத்துக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், விழித்துக்கொண்டுவிட்ட குழந்தைகளுக்கும் என் நன்றி. நான் இப்போதும் இவரிடம்தான் சவரத்துக்குப் போகிறேன். கழுத்துக்குக் கத்தி வரும்போது இப்போதும் முழுங்குகிறேன். அவர் இப்போதும் கத்தியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். அந்தக் கைக்கும் உங்கள் கைகளுக்கும் என் வணக்கம்.