ஆர்லோ டெக்கருக்குப் பக்கத்து இடம்

— இப்ப ஒண்ணேகால்தான் ஆகுது. ரெண்டரைக்குத்தாம்மா சுத்திப் பாக்க வர்றவங்களுக்குக் கதை சொல்லுவேன்.

— எனக்கு மூணு மணிக்கு ஒமாஹா பஸ். எனக்கு மட்டும் சொல்லேன் தம்பி. நீதானே இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல்?

— பதினோரு வருஷமா... சரி. இவர்தான் ஆர்லோ டெக்கர். ஒன்பது நாவல் எழுதினாரு. படமா வந்தது ஒண்ணு. ஜனங்க வர்றது அந்த ஒண்ணுக்குத்தான்.

— மத்த எட்டு?

— நூலகத்துல பத்திரமா இருக்கு. யாரும் தொடறதில்ல.

— ஆள் எப்படியாம்?

— தங்கமான மனுஷன். கோபமே வராதாம்.

— ம்ம்... சாப்பாட்டுத் தட்டெல்லாம் பறக்கும்னு கேள்விப்பட்டேன்.

— யாரு சொன்னது?

— அந்தத் தட்டால அடி பட்டவங்க. அது கிடக்கட்டும்... பக்கத்து இடம் காலியா இருக்கும்னு நெனச்சேன். அதைப் பாக்கத்தான் வந்தேன்.

— காலியா? அங்கதான் டெல்லா இருக்காங்களே! அவரு பெண்டாட்டி. காய்ச்சல்ல, கோதுமை வயல்ல, அவரு மடியிலயே உயிர் போவுதே... படம் பாக்கலயா நீங்க?

— மூணு தரம். மூணு தரமும் சிரிச்சேன்.

— என்னம்மா! ஊரே அழுவுது!

— நாவல் படிச்சியா?

— அது... படம் நாலு தரம்...

— நாவல்ல அவ சாகல. பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலேறிடறா. தப்பெல்லாம் தன் மேலதான்னு அந்த மனுஷன் ஒரு பக்கம் எழுதியிருக்காரு. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்...

— எதுக்காக?

— ஒண்ணுமில்ல. என்னப்பா இது, கல்லு கையில வெள்ளையா ஒட்டுது?

— தொடாதீங்க! இன்னும் காயல!

— தட்டினா டொக்குங்குது.

— மெதுவா... அங்க பூ வெக்க ரெண்டு பேரு வர்றாங்க பாருங்க.

— சொல்லிடு. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?

— படம் எடுத்தவங்க விட்டுட்டுப் போன பிளாஸ்டர் கல்லும்மா. படம் வெளியான மறுநாளே ஒருத்தர் வந்து பூ வெச்சு அழுதாரு. எடுக்க மனசு வரல. மழை பெஞ்சா பேரு கரையும். நாந்தான் வெள்ளையடிச்சுத் திரும்ப எழுதுவேன்.

— அப்ப அடியில?

— மண்ணுதான். பதிவேட்டுல அந்த இடம் அவரு சம்சாரத்துக்குன்னு இருக்கு. நிஜ சம்சாரத்துக்கு. அவங்க இவர விட்டுட்டுப் போயி நாப்பது வருஷமாச்சு. இனிமே வரவா போறாங்க?

— டாக்டர் எனக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் நாள் குறிச்சிருக்காரு தம்பி... என் இடத்துலேருந்து இவள எப்ப எழுப்பப்போற?