உப்புக்காற்றின் முதல் குரல்

இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று சனத்துக்குத் தெரியும். எனக்கு அதில் மனவருத்தம் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்றில்லை. என்னைப் பொறாமைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நானும் டானியலும் மன்னாரிலிருந்து ஒரே காலத்தில் டென்மார்க்குக்கு வந்தவர்கள். அகதி முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிரம்ஸும் கிட்டார்களும் தூசி படிந்து கிடந்தன. தவராஜா டிரம்ஸில் உட்கார்ந்தான். குலேந்திரன் கிட்டாரை எடுத்தான். மிஞ்சிய பேஸ் எனக்கு. டானியல் பாடினான். ‘உப்புக்காற்று’ என்று பெயர் வைத்ததும் அவன்தான். தமிழில் ரொக் பாட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், பொடியள் ஆடினார்கள். ஒரு கசெட் வெளியிட்டோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டானியலுக்குத் தூரத்தில், ஒடென்சே நகரில், பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது.

“கொஞ்ச நாளைக்கு நீ பாடு, பேனாட்” என்றான்.

அந்தக் கொஞ்ச நாள் இருபது வருடத்துக்கு மேல் நீண்டது. குழுவை உடையாமல் பார்த்துக்கொண்டவன் நான். குலேந்திரன் விலகினான், வேறொருவன் வந்தான், அவனும் போனான். தவராஜாவின் முதுகு கெட்டது, டிரம்ஸுக்கு ஆள் மாறி மாறி வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தேன். கிழமை நாட்களில் சில்க்போர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறில் மேடை. பாட்டு முடிந்தால் கைதட்டுவார்கள். பிறகு யாராவது கிட்ட வந்து, “டானியல் இப்ப எங்கை இருக்கிறார்?” என்று கேட்பார்கள்.

போன வருடம் இங்கே ஒரு தமிழ் இசை மன்றம் விபோர்க்கில் புகழ்க்கூடம் தொடங்கியது. மண்டபச் சுவரில் பெயர் பொறித்த கல், அதைத் திறக்க ஒரு விழா. முதலாவதாக உப்புக்காற்றைத் தெரிந்தெடுத்தார்கள். எந்த உப்புக்காற்றை என்று கேட்டேன். கசெட்டில் இருந்த நால்வரை என்றார்கள். பாடகர் டானியல், பேஸ் பேனாட். பிறகு வந்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை. பிறகு நான் பாடியதற்கும் இல்லை. நான் வாதாடவில்லை. விழாவில் பாடப்போவது எப்படியும் நான்தான். டானியலுக்கு அதற்குள் பாரிசவாதம் வந்துவிட்டது. மகளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று சில்க்போர்க்குக்கே குடிவந்துவிட்டான்.

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ‘ஓம்’ என்ற ஒரு சொல். பசிக்குதா என்றாலும் ஓம், நோகுதா என்றாலும் ஓம். விழுங்குவதும் கஷ்டம். தண்ணீரோ கோப்பியோ, ஒரு பவுடரைக் கலந்து கூழ்போலத் தடிப்பாக்கித்தான் பருக்க வேண்டும். இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். தாதி வந்து இதை அவன் மனைவி அமலராணிக்கு விளங்கப்படுத்தியபோது, டெனிஷிலிருந்து தமிழில் சொல்லிக் கொடுத்தது நான்.

அமலராணி தொழிற்சாலை வேலையை விட முடியாமல் இருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு ஓய்வு.

“நீர் யோசிக்காமல் வேலைக்குப் போம். நான் பாக்கிறன்” என்றேன்.

“உங்களை விட்டா எங்களுக்கு ஆர் இருக்கினம், பேனாட் அண்ணை.”

குளிர்காலம் முழுவதும் போனேன். சவரம் செய்துவிட்டேன். கால்களை நீட்டி மடக்கிவிட்டேன். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பவுடர் போடாமல் கோப்பி கொடுத்தேன். அந்தக் கூழை அவன் வெறுத்தான். கரண்டியைத் தட்டிவிட்டு, கோப்பி டின்னைக் கையால் காட்டுவான். ஒரு மனிதனுக்கு ஒரு வாய் நல்ல கோப்பி குடிக்க உரிமை இல்லையா? கேட்டுத்தான் கொடுத்தேன்.

“பவுடர் போடாமல் தரட்டே?”

“ஓம்.”

இருமினான். முதுகைத் தடவிவிட்டேன். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனாலும் கோப்பைக்குக் கை நீட்டினான். அடுத்த கிழமையும் கொடுத்தேன். அதற்கு அடுத்த கிழமையும்.

காய்ச்சல் வந்தபோது அமலராணி எனக்குத்தான் தொலைபேசி எடுத்தாள், டொக்டரைக் கூப்பிடட்டுமா என்று. “சளித் தடிமன் போலக் கிடக்கு. ரண்டு நாள் பாப்பம்” என்றேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு நுரையீரலும் நிறைந்திருந்தன. டானியல் வீட்டுக்குத் திரும்பவில்லை, அங்கேயே செத்துப்போனான்.

விழாவில் நான் பாடினேன். குறை சொல்ல ஏதுமில்லை. அமலராணி கல்லைத் திறந்துவைத்து, எல்லோர் முன்னும் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். பிறகு மண்டபத்துக் குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான்தான் அண்ணை பிழை விட்டனான் போல. வேலைக்குப் போற அவதியிலை பவுடரைக் குறைச்சுப் போட்டிருப்பன்.”

இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. சாப்பிடுவதும் குறைவு என்று மகள் சுஜாந்தினி சொன்னாள். செய்யாத பிழைக்கு ஒரு பெண் உருகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கும் களைத்துவிட்டது. அதனால்தான் யாரும் தேடாமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவனைச் சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, வாயோரம் எச்சில் வடிய, சனம் உச்சுக்கொட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் குரலை அப்படியா நினைவில் வைத்திருப்பது? அவன் மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் சொல்வேன்.

பாட அவனால் முடிந்ததா என்று கேட்டீர்கள். முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பனி கரையத் தொடங்கிய நேரம், பொழுதுபோக பேஸைக் கொண்டுபோய், கசெட்டின் முதல் பாட்டை மெதுவாக வாசித்தேன். டானியல் வாயைத் திறந்தான். ஒரு சொல் பிசகாமல் முழுப் பாட்டும் வந்தது. பேச்சு போன சிலருக்குப் பாட்டு மிஞ்சும், வேலையிடத்திலும் கண்டிருக்கிறேன். குரல் கரகரத்திருந்தது. ஆனால் இத்தனை வருடமாக நான் பாடிய அந்தப் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பவும் தெரிந்தது. அன்று தகப்பனைப் பார்க்க வந்திருந்த சுஜாந்தினி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். முதலில் டெனிஷில் ஏதோ சொன்னாள். பிறகு, “மாமா, அப்பா பாடுறார்” என்று அழுதாள்.

மன்றத்துக்கு அவள்தான் அறிவித்தாள். அவர்கள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். “இனி டானியல் அண்ணையே பாடட்டும். நீங்கள் பழையபடி பேஸை அடியுங்கோ” என்றார்கள். நல்ல விஷயம் என்றேன்.

கோப்பி கொடுத்தது பாவம் பார்த்துத்தான். அதற்கு முன்பும் அவன் கேட்டானா என்கிறீர்கள். குளிர்காலம் முழுவதும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் பவுடரைச் சரியாக அளந்து போட்டுத்தான் கொடுத்தேன். அப்போது அவன் பாடத் தொடங்கியிருக்கவில்லை.