நிறத்தால் கறுப்பு

எங்கள் விறாந்தை விளக்கு ஒரு மாதமாகக் கண்ணை வெட்டிக்கொண்டிருந்தது. வாங்கிய புது விளக்கு பெட்டியோடு அலுமாரிக்கு மேல் கிடந்தது. மாட்ட ஆள் இல்லை.

ஆள் இருந்தார். கிண்ணியாவிலிருந்து வரும் வயர்மேன் முனாஸ் நானா. ஆனால் அவரை இனி வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று அத்தான் சொல்லிவிட்டார். காரணம் என் கொப்பிகள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுடைய பிள்ளையை நான் பார்க்கிறேன். எனக்குக் கதை வராது. வாயைத் திறந்தால் பேச்சு வராது, யார் எது கேட்டாலும் ஓம் என்பேன். சோறு காணுமோ, ஓம். காய்ச்சலோ, ஓம். அத்தான் எனக்கு ஓமத்தண்ணி என்று பெயர் வைத்தார். வாயால் சொல்லாததைக் கொப்பியில் எழுதுவேன்.

முனாஸ் நானா விறாந்தைக்கு வயர் இழுத்த அன்று ஏணியைப் பிடித்தது நான்தான். அவர் கதைத்துக்கொண்டே வேலை செய்பவர். சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்றார். ஆனால் சுவிச்சிலிருந்து விளக்குக்குத் திரும்பி வருவதும் கறுப்பு வயர்தான். சுவிச்சைப் போட்டால் அதிலும் கரண்ட் வரும். அந்தக் கறுப்பில் சிவப்பு டேப் சுற்றினார்.

“இவன் நிறத்தால கறுப்பு, வேலையால சிவப்பு. இந்த டேப் இல்லாட்டி ஆருக்கும் தெரியா, தங்கச்சி.”

அதை அப்படியே எழுதினேன். அவர் சிரித்ததையும் எழுதினேன்.

அத்தான் அதைக் கண்டெடுத்தார். விருந்தாட்கள் வந்திருந்த நாள். கதிரையில் ஏறி நின்று, என் குரலில் வாசித்தார். “ஓமத்தண்ணிக்கு உள்ளுக்குள்ள கரண்ட் ஓடுது,” என்றார். அக்காவும் சிரித்தாள். பிறகு ஏழு கொப்பிகளையும் குப்பையோடு கொளுத்தினார். இனி ஒன்றைக் கண்டால் என்னைத் திரியாயில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அங்கே ஒரே அறையில் ஒன்பது பேர். எழுத ஏலாது.

அத்தான் கெட்டவர் இல்லை. அடுத்த நாள் துறைமுகத்து வேலை முடிந்து வரும்போது எனக்குச் செருப்பு வாங்கி வந்தார். அளவும் சரி.

இது எட்டாவது கொப்பி. அரிசி வாளிக்குள் இருந்தது. போன வாரம் அத்தான் தானே அரிசி அளக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை லைன் வேலைக்காகப் பன்னிரண்டு மணி வரை கரண்ட் இல்லை என்று செய்தி வந்திருந்தது. விளக்கை மாற்ற அதுதான் நல்ல நேரம் என்று அத்தான் பதினொன்றரைக்கு ஏணியில் ஏறினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அது எரியவில்லை. ஊரிலேயே கரண்ட் இல்லாதபோது அது எதில் வைத்தாலும் எரியாது. ஆனால் அத்தான் கவனமான மனுசன்.

“மெயினை நிப்பாட்டினனியோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“ஓமத்தண்ணி,” என்று மேலேயிருந்து சிரித்தார்.

விளக்கின் சுவிச் போட்டபடியே இருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் அதை யாரும் பார்ப்பதில்லை. சிவப்பு வயரை அவர் விலக்கி வைத்தார். கறுப்புக்குப் பயப்படவில்லை. வயரின் தோலை அத்தான் பல்லால்தான் உரிப்பார். குறடு எடுத்துத் தரவோ என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கதை வராது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏணியை விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அது அலுமினிய ஏணி. சற்று நேரத்தில் குசினியில் பிரிட்ஜ் உறுமியது.

பொலிஸ்காரர் என்னிடமும் கேட்டார். மெயினை நிறுத்தச் சொன்னாரா, நிறுத்தினாயா, பயந்துபோனாயா. மூன்றுக்கும் ஓம் என்றேன். “அவள் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள், சேர்,” என்றாள் அக்கா. அவர் கொப்பியை மூடினார்.

சிவப்பு டேப்பை இந்தப் பக்கத்தின் மூலையில் ஒட்டியிருக்கிறேன். அதை வெள்ளிக்கிழமை, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் கழற்றினேன். ஏறுவதற்கு முன் மெயினை நிறுத்தினேன், இறங்கிய பிறகு போட்டேன்.

ஆகவே நான் அத்தானுக்குப் பொய் சொல்லவில்லை. நிப்பாட்டினனியோ என்றுதான் கேட்டார். எந்த நாள் என்று கேட்கவில்லை.