கன்னியாகுமரி நல்லா இருந்துச்சாத்தா

அய்ய, இல்லக்கா. ராமேஸ்வரத்துல செல்லுல போட்டோவப் பாத்துட்டு ரூமு போடாதீக. போட்டோல எல்லா பெட்டும் வெள்ளையாத்தேன் இருக்கும். நேரா போயி ரூமத் தொறந்து காட்டச் சொல்லுங்க. மொதல்ல பாத்ரூமுக்குப் போங்க. வாளியத் தூக்கி அடியத் தடவிப் பாருங்க. வழுவழுன்னு இருந்துச்சுன்னா பேசாம திரும்பி வந்துருங்க. வாளி அடியக் கழுவாத லாட்ஜுல பெட்ஷீட்டையும் மாத்திருக்க மாட்டாக. கால்மாட்ட தலமாட்டுக்குத் திருப்பிப் போட்டு, ரெண்டு தட்டு தட்டி, தலகாணிய மேல வச்சிருவாக. சத்தியமாக்கா. சனி ஞாயிறு கூட்டத்துல ஒரு ஆளு பத்துப் பன்னெண்டு ரூமு பாக்கணும்ல, அவுகளும் என்னதேன் செய்வாக.

எனக்கு எப்டித் தெரியுமா? தெரியும். விடுங்க.

பாப்பாவ இங்கிட்டு ஜன்னல் பக்கம் உக்கார வைங்க, வாந்தி வராது. இருங்க, என் பைய கீழ வச்சுக்கிறேன். அந்த வாடையா? களிம்புக்கா. கால் விரலு இடுக்குல சேத்துப்புண்ணு வருமே, ஈரத்துலயே நின்னா, அதுக்கு. எனக்கில்ல.

ரெண்டு நாளுதான? அப்ப கோயிலச் சுத்தித் தங்காதீக. விடியுறதுக்கு முன்னாடியே ஈரத்துணியோட ஆளுக வாசல்ல போய்க்கிட்டே இருக்கும், தூங்க முடியாது. கடலப் பாத்த ரூமுன்னு ஒருத்தன் கூப்பிடுவான். ஜன்னலத் தொறந்தா பக்கத்து லாட்ஜு தண்ணி டாங்கிதேன் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு டீச்சரம்மா வீட்டு மாடியில ரூமு விடுறாக. வாசல்ல முருங்க மரம் நிக்கும். தண்ணி உப்பு கரிக்காது. பாப்பாவுக்குச் சுடுதண்ணி கேட்டா மூஞ்சியச் சுழிக்காம வச்சுக் குடுப்பாக. தனுஷ்கோடிக்கு காலையிலயே போயிருங்க, சாயந்தரம்னா இருட்டுதுன்னு வெரட்டி விட்ருவாக. மீனு இன்னைக்குச் சாப்பிடாதீக, நாளைக்குச் சாப்பிடுங்க. இன்னைக்குத்தேன் மீன்புடி போட்டு கடலுக்குப் போகுது. நாளைக்கு விடியக் கரைக்கு வரும்.

நானா? படிக்கலக்கா. பன்னெண்டாவது முடிச்சேன், அம்புட்டுதேன். மார்க்கெல்லாம் நல்ல மார்க்குதேன். மேலூர்ல சித்தி வீட்ல இருக்கேன், அங்கனயே ஒரு ஜெராக்ஸ் கடையில நிக்கிறேன். காலேசுக்கு எங்க கிளாசுப் பிள்ளைக அம்புட்டும் ஒரே எடத்துலதேன் சேந்துச்சுக. அதுக மூஞ்சியில முழிக்கணுமேன்னு நான் அப்ளிகேசன் பாரமே வாங்கல. அதுக ஒண்ணும் செய்யல. நாந்தேன்.

ஆமா, நானும் ராமேஸ்வரந்தேன். இறங்கி ஊருக்குள்ள போவேனான்னுதேன் தெரியல. சிரிக்காதீகக்கா. ரெண்டு தடவ வந்துட்டேன். ஸ்டாண்டுல டீயக் குடிச்சுட்டு அடுத்த மதுரை பஸ்ஸுல ஏறித் திரும்பிட்டேன். ஒரு ஆளப் பாக்கணும். கால் மணி நேரம் நடந்தா போயிரலாம். நடக்க முடியல. இன்னைக்கு மூணாவது தடவ.

என்ன, அண்ணன் சாப்பாட்டுக்குக் கடையே பாத்து வச்சிட்டாகளா? ஸ்டாண்டு ரோட்டுல நீலத் தகர ஷெட்டா? அங்க வேணாம்னு சொல்லுங்க. சாப்பாடு மோசமில்லக்கா, நல்லாத்தேன் இருக்கும். வாழ இலயில போடுவாக, கொழம்பு கேக்கக் கேக்க ஊத்துவாக. வேணாம்னா வேணாம், வேற கடையா இல்ல?

அண்ணே, மொறைக்காதீக. சொல்றேன்.

போன கார்த்திகையில ஸ்கூல்ல டூரு கூட்டிட்டு வந்தாக. ராமேஸ்வரம்னு நோட்டீஸ்ல போட்ருந்துச்சு. நான் வீட்ல கன்னியாகுமரின்னு சொல்லிட்டேன். ஏன்னா ராமேஸ்வரம்னு சொன்னா ஒரு ஆளு வந்து நிக்கும். ஸ்டாண்டுலயே வந்து நிக்கும், கையில எதையாச்சும் பொட்டலம் கட்டிக்கிட்டு. பிள்ளைக பாத்துரும். பதினொண்ணாவது சேந்தப்ப கனகலட்சுமின்னு ஒருத்தி, ஒங்கம்மா எங்கடி, ஒரு மீட்டிங்குக்குக்கூட வரலன்னு கேட்டா. அவ அம்மா நர்சு. அவ பக்கத்துல இருந்தவளோட அம்மா பேங்கு. எனக்கு வாயில சிங்கப்பூருன்னு வந்துருச்சு. வந்தது வந்துருச்சு. ரெண்டு வருசம் சிங்கப்பூரு மழையென்ன வெயிலென்னன்னு செல்லுல பாத்துப் பாத்து சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். அப்புறம் எப்டி மாத்த.

சரி, கோயிலு, தனுஷ்கோடி எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் ஆகல. தப்பிச்சோம்னு இருந்தேன். மத்தியானம் வேன் டிரைவரு, வாங்க சாப்பாடு நல்லாருக்கும்னு ஒரு எடத்துல கொண்டாந்து நிப்பாட்டுறாரு. ஆள் கூட்டிட்டு வந்தா டிரைவருக்குச் சாப்பாடு ஓசிக்கா, அதேன். வேன்ல போனீகன்னா டிரைவரு சொல்ற கடைக்குப் போகாதீக, இதையும் ஞாபகம் வச்சுக்கங்க. பாத்தா நீல ஷெட்டு.

எனக்கு வயித்து வலின்னு சொன்னேன். டீச்சரு, ரசஞ்சோறாச்சும் சாப்பிடுன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி உக்கார வச்சிட்டாக.

அங்க இல எடுக்க ஒரு அம்மா இருக்கு. கறுப்பா, ஒல்லியா. சேலைக்கு மேல ஆம்பள சட்ட போட்ருக்கும். ஒரு கையில வாளி. சாப்பிட்டு எந்திரிச்சா இலய வழிச்சு வாளியில போட்டு டேபிளத் தொடச்சு விடும். நாங்க உள்ள போகையில பின்னாடி பக்கம் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. நிமிந்துச்சு. என்னப் பாத்துச்சு.

கனகலட்சுமி என் காதுல, ஏடி, அந்தம்மா ஒன்னையே பாக்குதுடி, தெரிஞ்சவுகளான்னா. யாருன்னே தெரியலன்னு சொன்னேன். மெதுவாச் சொல்லிருக்கலாம்ல? சத்தமாவே சொன்னேன்க்கா. அதுக்குக் கேக்கட்டும்னுதேன் சொன்னேன். கிட்ட வந்துறக் கூடாதுல்ல.

வரல. நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சுவத்தோரமாவே நின்னுச்சு. பெறகு வரிசையா எடுத்துக்கிட்டே வந்துச்சு. எங்கிட்ட வந்து நின்னு, எடுக்கட்டுங்களாம்மான்னு கேட்டுச்சு. என்னய. எடுக்கட்டுங்களான்னு. நான் தலைய ஆட்டுனேன்.

மத்த பிள்ளைக எல்லாம் இலய மூடிட்டு எந்திரிச்சுச்சுக. நான் மூடாமலே எந்திரிச்சேன். அதுதேன் மூடுச்சு. இல மூடுறதுல இருக்குல்லக்கா, நம்ம பக்கமா மூடுனா ஒறவு நிக்கும், அங்கிட்டு மூடுனா எழவு விழுந்த கேத வீடு. எதுத்தாப்புல நிக்கிற ஆளுக்குத் தள்ளி விட்டு மூடுறது சுளுவு. அது டேபிளு மேல எக்கி, கைய நீட்டி, என் பக்கமா இழுத்து மூடுச்சு. அப்புறந்தேன் வாளியில போட்டுச்சு.

நாங்க வேன்ல ஏறியாச்சு. பரமக்குடி தாண்டலக்கா, போன் வருது. கன்னியாகுமரி நல்லா இருந்துச்சாத்தான்னு கேக்குது. நல்லா இருந்துச்சுன்னேன். வெயிலுல அலையாதத்தா, நேரத்துக்குச் சாப்பிட்டியான்னுச்சு. சாப்பிட்டேன்னேன். அந்த வாளியக் கழுவிக் கவுத்துட்டுத்தேன் வந்து பேசிருக்கும்.

ஆமாக்கா. எங்கம்மாதேன். அன்னக்கொடின்னு பேரு.

அழுகல, கண்ணுல மண்ணு. பாப்பா, இந்தா பாலம் வந்துருச்சு பாரு, ரெண்டு பக்கமும் கடலு.

அந்தப் பொங்கலுக்கு அம்மா ஊருக்கு வரல. லீவு இல்லன்னுருச்சு. அதுக்கு முன்னாடி ஒரு பொங்கல் தவறுனதில்ல. பெறகும் போன் பண்ணும், சோறு சாப்பிட்டியா, சித்திய எதுத்துப் பேசாத, அம்புட்டுதேன். அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நாலு அறை அறஞ்சிருந்தாகூடத் தேவல. லாட்ஜுல ரெண்டு வருசம் ரூமு கழுவுச்சு, அங்க முடியாமத்தேன் இந்த நீல ஷெட்டு மெஸ்ஸுக்கு மாறுச்சு. இம்புட்டு நேரம் ஒங்ககிட்டச் சொன்னேன்ல, வாளி, பெட்ஷீட்டு, டீச்சரம்மா வீடு, எல்லாம் அது போன்ல சொன்னதுதேன். நீ ஒரு நாளு ஒன் கூட்டாளிகளக் கூட்டிட்டு வந்தா எங்க தங்குறதுன்னு தெரியணும்லன்னு சொல்லும். நானு சரி சரின்னு செல்லு நோண்டிக்கிட்டே கேப்பேன்.

வேலைக்குன்னு இங்க வர்றதுக்கு முன்னாடி, வீட்ல என் தட்ட அதுதேன் எடுக்கும், தெனமும். எனக்கு ஒண்ணும் தோணுனதே இல்லக்கா. அதுவும் எச்சித் தட்டுதான?

ஸ்டாண்டு வந்துருச்சு. அண்ணே, அந்த மெஸ்ஸுக்கே போங்கண்ணே, சும்மா சொன்னேன். மத்தியானத்துக்கு முன்னாடி போங்க, கூட்டம் இருக்காது.

அக்கா, ஒரு ஒதவி செய்வீகளா? என் பைய நீங்க எடுத்துட்டு இறங்குங்க. அம்மாவுக்கு வாங்குன களிம்பும் பஸ்ஸுக் காசும் அதுலதேன் இருக்கு, அது இல்லாம நான் மேலூருக்குத் திரும்ப முடியாது. திரும்பிப் பாக்காம மெஸ்ஸப் பாத்து வேகமா நடங்க. நான் பின்னாடி வந்துதேன் ஆகணும்.