முட்டிக்கு ரெண்டு கார்டு

— அப்போ இந்தப் பச்சைக் கார்ட ஆஸ்பத்திரியில நீட்டிட்டா போதும், ஃபிரான்ஸுல காசே கேக்க மாட்டாங்களாக்கா?

— கேக்க மாட்டான் தம்பி. மெஷின்ல சொருகுவான், எடுத்துக் குடுத்துடுவான். வுவாலா, முடிஞ்சிது.

— அப்புறம் இன்னாத்துக்கு பாரீஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் பாண்டிக்கு வந்து முட்டிய அறுத்துக்கறீங்க?

— கார்ட எடுத்துக்கறான்டா புருஷோத்து. ஆளத்தான் எடுத்துக்க மாட்டேன்றான். எங்க வட்டாரத்துல இருந்த ஒரே டாக்டரும் ரிட்டயராயி ஊருக்குப் போயிட்டாரு. வேற டாக்டரக் கேட்டா, 'மதாம், புது பேஷண்ட் சேத்துக்கறதில்ல'ன்றான். அவன் சீட்டு குடுத்தாத்தான் முட்டி டாக்டர்கிட்ட போவ முடியும். அங்க ரந்தேவு கேட்டா, அடுத்த வருஷம்தான் தேதின்றான். மோன் தியே, கடவுளே! அதுவரைக்கும் மூணாவது மாடிக்கு எப்பிடி ஏர்றது? லிஃப்ட்டு பாதி நாள் ஓடாது.

— அட, நான் என்னமோ ஃபிரான்ஸுன்னா டாக்டருங்க கதவத் தொறந்து வச்சிக்கினு உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

— எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. எங்க மிஸ்யே, அதான் உங்க மாமா, பட்டாளத்துல இருந்தவரு. அவருக்கே பல்லு டாக்டர் கெடைக்கல. சரி, உன் பொண்டாட்டி முட்டிக்குன்னு வச்சிருக்கற கார்டக் காட்டு. ஓ, போட்டோல நிர்மலா இவ்ளோ ஒல்லியா இருக்காளே!

— ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய போட்டோக்கா. அதையேதான் எல்லா ஆபீஸுக்கும் குடுப்பா.

— இதக் காட்டினா இங்க எடுத்துக்கறாங்களா?

— போர்டுல எடுத்துக்கறாங்க. 'காப்பீட்டு அட்டை ஏற்கப்படும்'னு வாசல்லயே பெருசா எழுதி லைட்டு போட்டிருக்காங்க. உள்ள போனாத்தான் வேற கதை.

— இன்னா கதை? சொல்லேன், எனக்கும் தெரியட்டும்.

— மொத எடத்துல, 'கண்ணுக்கு உண்டு, முட்டிக்குக் கெடையாது'ன்னாங்க. அடுத்த எடத்துல முட்டிக்கு உண்டு. ஆனா கார்டு கேஸ் பாக்கற டாக்டரு வேலைய வுட்டுப் போயிட்டாராம். இன்னொரு எடத்துல கம்ப்யூட்டர் வேலை செய்யல, திங்கக்கெழம வாங்கன்னாங்க. எத்தினி திங்கக்கெழமக்கா போறது?

— கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பாக்கக் கூடாதா?

— நல்லாத்தான் பாக்கறாங்க, குத்தம் சொல்லக் கூடாது. கூட்டம்க்கா. நம்ம முறை வர்ற வரைக்கும் அவ வேலை காத்துக்கினு இருக்காது. துணிக்கடையில நாள் பூரா நின்னுக்கினே பொடவ எடுத்துப் போடணும். செத்த உக்காந்தா மொதலாளிக்கு ஆவாது. 'பொங்கல் வியாபாரத்துக்கு வந்து நிக்க முடிஞ்சா வா, இல்லன்னா வேற பொண்ணப் பாத்துக்கறேன்'னுட்டாரு. பையன் படிப்பு அவ சம்பளத்துலதான ஓடுது.

— பாவம்டா. அவ எங்க, சத்தத்தையே காணோம்?

— உள்ள சாமிக்கு வெளக்கு ஏத்தறா. நடந்து வர நேரமாவும்.

— மெதுவா வரட்டும். ஆபரேஷனுக்குப் படுக்கப் போற அன்னிக்கு நம்ம வூட்டுப் பொண்ணு கையால குங்குமம் வச்சிக்கினு, ஒரு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போறதுதான நம்ம வழக்கம்? பாரீஸ்ல எனக்கு வச்சி வுட யாரு இருக்கா? அதுக்குத்தான் பையத் தூக்கிக்கினு, தங்கியிருக்கற முத்தியால்பேட்டையிலேர்ந்து நேரா இங்க வந்தேன். நீ மேல சொல்லு.

— ஒண்ணு பண்ணேன்க்கா, கேட்டா சிரிப்பீங்க. இதுல இன்னாதான் நடக்குதுன்னு எனக்கே பாக்கணும்னு தோணிச்சி. ஒரே ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். மொத தடவ என் கொரல்லயே, 'கார்டு இருக்கு, பெட்டு இருக்குதா?' 'இல்லீங்க, ஃபுல்லு.' ஒரு டீ குடிச்சேன். திரும்பப் போட்டேன். கொரலக் கொஞ்சம் கட்டையாக்கிக்கினு, 'கேஷு கட்டறோம்'ன்னேன். 'ஏசியா, நான் ஏசியா சார்? தொணைக்கு வர்றவங்களுக்கும் கட்டில் போடணுமா?'ன்றாங்க!

— டீ குடிக்கற நேரத்துல பெட்டு மொளைச்சிடுச்சா! அப்புறம்?

— ஆசை வுடல. மூணாவது தடவயும் போட்டேன், இன்னும் கட்டையா. 'சார், நீங்க மொதல்ல கார்டுன்னு பேசுனவருதான?'ன்னு கேட்டுச்சி அந்தப் பொண்ணு.

— போடா! மாட்டிக்கினியா!

— ஆனா நல்ல பொண்ணுக்கா. கொரல எறக்கிக்கினு சொல்லிச்சி. 'கார்டுல வர்ற காசு கம்மி சார், அதுவும் லேட்டா வருது. கேஷு கட்டறவங்களுக்கு மொதல்ல குடுன்னு மேல சொல்றாங்க. மிச்சம் இருந்தா கார்டுக்கு. நாளைக்குக் காலையில சீக்கிரமா வந்து நில்லுங்க, நான் பாக்கறேன்'னு. போய் நின்னோம். கெடச்சிடுச்சி.

— கெடச்சிதா? இத மொதல்ல சொல்றத வுட்டுட்டு ஊரு கதையெல்லாம் பேசற!

— இருங்கக்கா, கதை இன்னும் முடியல. முந்தாநேத்து சேத்துக்கினாங்க. ரத்தம் எடுத்தாங்க, பச்ச கவுனு குடுத்தாங்க. ராத்திரி நிம்மதியாத் தூங்குனா. எத்தினியோ நாளுக்கப்புறம் நானும் தூங்குனேன். நேத்து மத்தியானம் ஒருத்தர் வந்தாரு. 'கார்டுக்கு அப்ரூவல் வரல, டாக்டரும் ஒரு வாரம் ஊருல இல்ல. வூட்டுக்குப் போங்க, நாங்களே கூப்புடறோம்'னுட்டாரு.

— ஆபரேஷன் பண்ணாமலேவா?

— பண்ணாமதான். அந்தக் கவுன அழகா மடிச்சி வச்சிட்டு வந்தாக்கா.

— அநியாயம்டா! ஏண்டா எனக்கு ஒரு போன் பண்ணல? எனக்கு நேத்து சாயங்காலம்தான் கூப்ட்டாங்க. முழுக் கேஷும் கட்டிடறேன்னு சொல்லியிருந்தேன். பத்து பதினஞ்சு நாளாவும்னு சொல்லிக்கினு இருந்தவங்க, 'மேடம், திடீர்னு ஒரு பெட்டு காலியாச்சி, நாளைக்கே வந்து சேந்துடுங்க, மறுநாளே டாக்டர் பண்ணிடறேன்றாரு'ன்றாங்க. எனக்கு நேரம் நல்லா இருக்குன்னு எங்க மிஸ்யேகிட்டகூட சொன்னேன்.

— நேத்து சாயங்காலமா? எந்த ஆஸ்பத்திரிக்கா?

— அதான்டா, நீலக் கண்ணாடி போட்டு புதுசா நாலு மாடி கட்டியிருக்காங்களே. ரெண்டாவது மாடி, ரூம்புல ரெண்டே பெட்டுன்னாங்க. ஏன், உனக்குத் தெரிஞ்ச எடமா?

— இல்லக்கா. சும்மாதான் கேட்டேன். வாங்க, நேரமாச்சி, நானே கொண்டுபோய் வுடறேன்.

— இப்பதான இருங்கக்கான்ன? குங்குமம் வச்சிக்காம எப்பிடிடா போறது?

— போற வழியில கோயில்ல எறங்கி வச்சிக்கலாம். அவளுக்கு முடியலக்கா, எழுப்பாதீங்க.

— வெளக்கு ஏத்தறான்ன, இப்ப எழுப்பாதன்ற! இதோ அவளே வந்துட்டா பாரு. என்னம்மா நிர்மலா, செவுத்தப் புடிச்சிக்கினு வர்ற? கூப்ட்டிருந்தா நான் உள்ள வரமாட்டேனா?

— பரவால்ல அண்ணி. நெத்தியக் காட்டுங்க.

— நிர்மலா, அக்காவுக்கு நேரமாச்சி. வச்சிட்டு வுடு.

— நீ சும்மா இருடா. நல்ல வார்த்தை சொல்லாம அனுப்புவாளா? சொல்லும்மா, ஒரு நல்ல வார்த்தை.

— நல்லபடியா எழுந்து நடந்து வருவீங்க அண்ணி. செவுத்துப் பக்கம் குடுத்தா வாணான்னுடுங்க, ராத்திரி பூரா கொழாய் சத்தம் கேக்கும். ஜன்னல் பக்கத்துக் கட்டில்தான் நல்லா காத்து வரும், நேத்து மத்தியானம் வரைக்கும் நான் அதுலதான் படுத்திருந்தேன்.