மெத்தைக் குடோன் பேண்டு

நல்லா காலை நீட்டிப் படுங்க தம்பி. இப்படி ஓரத்துல உக்காந்து கையால அமுக்கிப் பாத்தா எல்லா மெத்தையும் நல்ல மெத்தைதான். ஷூவா? அதுக்குத்தானே கால்மாட்டுல பிளாஸ்டிக் விரிச்சிருக்கேன், படுங்க. ம். இப்ப ஒருக்களிச்சுப் படுங்க. முதுகுவலி உங்களுக்கா? அப்பாவுக்கா. அது சரி, வலி அவருக்கு, மெத்தையில படுக்கிறது நீங்களா? பரவால்ல, ஆள் எப்படி, கொஞ்சம் கனமா? அப்ப இது வேணாம், நடுவுல குழி விழுந்துரும். அந்தா சுவரோரமா நிக்குது பாருங்க, அது நல்லா கெட்டியா இருக்கும். ஆனா அதை இறக்க இன்னொரு ஆள் வேணும். என் பையன், பெரியவன், டெலிவரிக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான். அதுவரைக்கும் சும்மா படுத்திருங்க, காசா பணமா.

நீங்க உள்ள வரும்போதே பாத்தேன். சட்டைக்குள்ள போட்டிருக்கீங்களே, அந்த பேண்டு படம் போட்ட பனியன். நடுவுல மைக்க பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அது என் பொண்ணு.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யிறாங்க. அந்த மூக்க பாருங்க. அப்புறம் என் மூக்க பாருங்க. ஆங், இப்ப சிரிப்பு நின்னுருச்சா? எந்திரிக்காதீங்க, படுங்க, நான் என்ன டீச்சரா. சாயந்தரம் ஸ்டேடியத்துக்குப் போறீங்கதானே? அதான பாத்தேன், இல்லன்னா இந்த வெயில்ல யாரு கறுப்பு பனியன் போடுவா.

காலையில போன் பண்ணினா. அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாம்மான்னு சொன்னா. அதுக்கு முன்னாடியே ஒரு ஆள்கிட்ட ரெண்டு பாஸும் குடுத்தனுப்பிட்டா, இந்த டிராயர்லதான் இருக்கு. அவனுக்கு இன்னும் சொல்லல. வண்டி சாவி எடுக்க வந்தப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். வந்ததும் சொல்றதா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு, காலையிலேர்ந்து ஒரே மெத்தைக்கு கவரை மாட்டுறதும் கழட்டுறதுமா இருக்கேன்.

அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டையான்னா கேக்குறீங்க? சண்டையா இருந்தா பரவால்லையே. சண்டையில ஒருத்தர் கத்துவாங்க, இன்னொருத்தர் அழுவாங்க, சாப்பிடக் கூப்பிட்டா முடிஞ்சுரும்.

அந்த பேண்டு பொறந்தது எங்கன்னு தெரியுமா? பேப்பர்ல எல்லாம் என்னென்னமோ எழுதுறாங்க. இந்தக் கடைக்குப் பின்னாடி, குடோன்ல. ஒரு ஹோட்டலை மூடிட்டாங்கன்னு பழைய மெத்தையெல்லாம் எடுக்கப் போனோம். அங்க மேடையில ஒரு டிரம்ஸ் செட்டு கேப்பாரில்லாம கிடந்துச்சு. இதையும் எடுத்துட்டுப் போங்க, இடம் காலியானா போதும்னுட்டாங்க. பெரியவன் அதைக் குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கி வண்டியில வெச்சான். வீட்டுக்கு வந்தா தூங்குவானா? போட்டு அடி அடின்னு அடிக்கிறான். அக்கம்பக்கத்துல ஒருத்தரும் வாய் திறக்கல. ஏன்னா குடோன்ல நாலு பக்கமும் மெத்தை, அது சத்தத்த எல்லாம் குடிச்சிரும்.

அது தெரிஞ்சதும் ஒவ்வொருத்தனா வந்து சேந்தான். கண்ணாடிக்கடையில வேலை பாத்த பையன் ஒருத்தன் கிடாரத் தூக்கிட்டு வந்தான், அவனுக்குக் கண்ணாடின்னே பேரு. அப்புறம் நெட்டையன், அவன் அந்த நாலு கம்பி கிடாரு. உங்க பனியன்லயும் அவனுக்குத் தலை பாதிதான் தெரியுது பாருங்க. ஒரு பாட்டுகூட கிடையாது, அதுக்குள்ள பேண்டுக்குப் பேர் வைக்க அடிதடி. நெட்டையன் கோவிச்சுக்கிட்டு ரெண்டு தடவ போயிட்டான். எதுக்குங்கிறீங்க, பேருல ஒரு எழுத்து பெருசா வரணுமாம்.

பாட ஆள் இல்ல. சின்னவ மெத்தை அடுக்கு மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே கூடவே முணுமுணுப்பா. ஒருநாள் பெரியவன் வாசிக்கிறத நிறுத்திட்டு, ஏய் எறங்கி வான்னான். அவ்வளவுதான். பாடகி தேர்வு முடிஞ்சுபோச்சு.

அவனுக்கு அவதான் உலகம் தம்பி. இவங்கப்பா போனப்ப அவ ரெண்டாம் கிளாஸ். நான் கடையப் பாக்குறதா, புள்ளையப் பாக்குறதா? இவன்தான் அவளுக்குத் தலை பின்னி விடுவான். ரெண்டு சடையும் ஒரே அளவுல இருந்ததே இல்ல, அப்படியே ஸ்கூலுக்குப் போவா. மழைன்னா தோள்ல தூக்கிட்டுப் போவான். அவ மூச்சு இழுக்குறத வெச்சே அடுத்து அழப்போறாளா சிரிக்கப்போறாளான்னு சொல்லிருவான். டிரம்ஸும் அப்படித்தான் வாசிப்பான். அவ மூச்சு எங்க எடுக்கிறாளோ, அங்க இவன் கை நிக்கும்.

மொதல் மொதல்ல ஒரு பெரிய ஹால்ல வாசிக்கப் போனாங்க. மெத்தை வண்டியிலதான் சாமானெல்லாம் போச்சு, கீறல் விழக்கூடாதுன்னு டிரம்ஸ மெத்தையில சுத்தி நான்தான் கட்டிவிட்டேன். கேக்க வந்த கூட்டத்தவிட சாமான் இறக்கின கூட்டம் ஜாஸ்தி. ஆரம்பிச்சாங்க. ஆனா எம்புள்ளைங்களுக்கு எதிரொலின்னா என்னன்னே தெரியாதே! மெத்தைக்குள்ளயே வளந்த சங்கீதம். ஹால்ல அடிச்ச அடி சுவருல பட்டுத் திரும்பி வருது. பெரியவன் யாரோ கூட வாசிக்கிறாங்கன்னு மெரண்டு போய் கையத் தூக்கிட்டான். அத பாத்து மத்த ரெண்டு பேரும் நிறுத்திட்டானுங்க. இவ கண்ண மூடிட்டுப் பாடினதால கவனிக்கல. தனியாவே பாடிக்கிட்டு போறா. ஹாலே கம்முன்னு ஆயிருச்சு. அப்புறம் இவன் சுதாரிச்சு டமால்னு உள்ள வந்தான் பாருங்க, ஜனம் எழுந்து நின்னு கத்துது.

ஆமா, அதே இடம்தான். இப்ப நீங்கல்லாம் போன் லைட்ட தூக்கிப் பிடிக்கிறீங்களே, டிரம்ஸ் நிக்கும், அவ மட்டும் தனியா பாடுவா, அந்த இடம்தான். என்னமோ பெரிய ஐடியான்னு எழுதுறாங்க. எம்பையன் பயந்து கையத் தூக்கின இடம் தம்பி அது.

அதுக்கப்புறம் ஓட்டந்தான். சின்னச் சின்ன ஹாலு, காலேஜு, ரோட்டோரத்துல மேடை போட்டா அங்க. போஸ்டர் அடிச்சு இவங்களே ஒட்டுவாங்க. பசை காயறதுக்குள்ள அடுத்த பேண்டு வந்து மேல ஒட்டிட்டுப் போயிரும். எல்லாத்துக்கும் நம்ம வண்டிதான். ஒரு வாடிக்கையாளர் மெத்தை எங்கம்மான்னு கடையில வந்து நின்னா, அது ரெண்டு ஊரு தள்ளி ஸ்பீக்கருக்கு அடியில கிடக்கும். யாரோ அந்த நிறுத்துற இடத்த மட்டும் வீடியோ எடுத்துப் போட்டாங்க. அது பரவிருச்சு. அதப் பாத்துதான் ஒரு பாட்டு கம்பெனிக்காரர் கோட்டு சூட்டோட இந்தக் கடைக்கு வந்தார். நீங்க படுத்திருக்கிற இடத்துலதான் உக்காந்தார். நான் அவருக்கும் மெத்தை காட்டினேன், வியாபாரம்னு நெனச்சு.

ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க காதுல ஒண்ண மாட்டி, டிக் டிக்னு கடிகாரம் மாதிரி ஒரு சத்தத்த விட்டாங்களாம், அதுக்கு வாசிக்கணுமாம். இவன் தங்கச்சி மூச்சுக்கு வாசிச்சவன், கடிகாரத்துக்கு எப்படி வாசிப்பான்? முந்திப் போறான், பிந்திப் போறான். வேர்த்து விறுவிறுத்து வந்தான் அன்னைக்கு.

அதுக்கப்புறம்தான் ரிகர்சல் இல்லன்னாங்க. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, பேண்டுல யாரையும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. இன்னைக்கு ரிகர்சல் இல்லன்னு சொல்லுவாங்க. நாளைக்கும் இல்லம்பாங்க. இவன் பாட்டுக்கு கடைய கட்டிட்டு குடோன்ல போய் டிரம்ஸ தொடச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பான். கண்ணாடிக்கு ஜொரமாம்மா, நெட்டையனுக்கு வேலையாம்மாம்பான். அவனுங்க வேற இடத்துல, வேற ஆளோட வாசிச்சிட்டு இருந்தானுங்க.

கடைசியில சின்னவதான் வந்து சொன்னா. கம்பெனிக்காரர் உன்ன வேணாங்கிறார்ண்ணா, நான் எவ்வளவோ சண்ட போட்டுப் பாத்துட்டேன், கேக்கமாட்டேங்குறார்னு இவன் மடியில விழுந்து அழுதா. நீ இல்லாம நானும் பாடலண்ணான்னா. இவன் என்ன சொன்னான் தெரியுமா? லூசாடி நீ, போய்ப் பாடுன்னான். அவ பெட்டிய இவன்தான் தூக்கி கார்ல வெச்சான்.

அந்த கோட்டுக்காரர நான் திட்டாத திட்டு இல்ல தம்பி. நீ நல்லாவே இருக்கமாட்டடான்னு மண்ண வாரித் தூத்தாத குறை. இத்தன வருஷமா ஒவ்வொரு நாளும்.

பாட்டு வெளிய வந்தப்ப கடையில ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. இவன் மெத்தைக்கு பிளாஸ்டிக் சுத்திட்டிருந்தான். நான் அணைக்கப் போனேன், வேணாம்மான்னுட்டான். அந்த நிறுத்துற இடம் வந்துச்சு. அவளும் தனியா பாடினா. இவன் கை டேப்ப பிடிச்சபடியே நின்னுச்சு. வேற யாரோ உள்ள வந்து வாசிச்சாங்க. நல்லா வாசிக்கிறான்மான்னு சொல்லிட்டு டேப்ப கிழிச்சு ஒட்டினான். எனக்கு அன்னைக்கு அடுப்படியில போய் அழறதுக்குக்கூட தெம்பில்ல.

அவளா? வர்றதில்ல. பணம் அனுப்புவா, போன் பண்ணுவா, அண்ணன்கிட்ட குடுக்கட்டான்னா உடனே யாரோ கூப்பிடுறாங்கம்மான்னு வெச்சுருவா. இவன் அதுக்கும் கோவிக்கமாட்டான். பாவம்மா, என் முகத்தப் பாக்க அவளுக்கு சங்கடமா இருக்கு, அவ என்ன செய்வா, எனக்காக பாட்டையே விடறேன்னவ இல்லையாம்பான். இவனுக்கு டிரம்ஸ் போனதோ, பேர் போனதோ, அந்த ஸ்டேடியம் போனதோகூட பெருசா தெரியல தம்பி. தங்கச்சி எனக்காக ஒத்த ஆளா நின்னு சண்ட போட்டா. அது ஒண்ணு போதும் அவனுக்கு. அத வெச்சுத்தான் காலையில எழுந்து இந்த மெத்தையெல்லாம் தூக்குறான்.

அப்படி இருக்க, காலையில அவளே கூப்பிட்டு அண்ணனைக் கூட்டிட்டு வான்னா எனக்கு எப்படி இருக்கும்? கையும் ஓடல காலும் ஓடல. அந்த நிறுத்துற இடத்துல மேடைக்கு கூப்பிடப் போறேன்மா, அண்ணன் வந்து உள்ள அடிக்கட்டும்னா. எனக்கு அழுக. வாசல்ல நின்ன வண்டியப் பாத்து டேய்னு கூப்பிடவே வாயெடுத்துட்டேன். அப்ப சொல்றா, அதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்மா, என்னால இதுக்கு மேல முடியலன்னு.

கம்பெனிக்காரர் ஒண்ணும் சொல்லலையாம் தம்பி. கொஞ்ச நாள் குடுங்க, அந்தப் பையனுக்குப் பழகிரும்னுதான் அவர் சொன்னாராம். வேணாம்னது இவதானாம்.

ஏன்னு நானும் கேட்டேன். மேடையில இவ சுருதி கொஞ்சம் வெலகினா பெரியவன் டிரம்ஸ் ஓரத்துல குச்சியால லேசா டக்னு ஒரு தட்டு தட்டுவானாம். யாருக்கும் கேக்காது, இவளுக்கு மட்டும் கேக்கும். அந்த டக் கேட்டா நான் ரெட்டை சடையோட நிக்கிற மாதிரி ஆயிருதும்மா, அண்ணன் பின்னாடி இருந்தா நான் தங்கச்சி மட்டுந்தான், பாடகி ஆகவே முடியாதுன்னா. அதுலயும் நியாயம் இருக்குன்னு தோணுது பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல. அன்னைக்கு மடியில விழுந்து அழுதாளே, அதுவும் நடிப்பில்ல. எம்பொண்ணு அப்படி நடிக்கிறவ இல்ல.

இன்னைக்கு சொல்லிட்டா அவ மனசு லேசாயிரும். அவ தாயி நான், அது எனக்கு வேணும். ஆனா இவனும் என் வயித்துல பொறந்தவன்தானே. அவன்கிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதானே தம்பி, அதையும் எப்படிப் பிடுங்குவேன்? அண்ணன் லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிட்டான், ரெண்டு நாளாகும்னு சொல்லிட்டேன். போன்ல அவ மூச்சு மட்டும் கேட்டுச்சு.

உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்? வேற யார்கிட்ட சொல்ல. நீங்க மெத்தைய எடுத்துட்டுப் போயிருவீங்க.

அந்தா, வண்டி வந்துருச்சு. எந்திரிங்க, கண்ணத் தொடச்சுக்கோங்க, நீங்க எதுக்கு இப்ப. தலமாட்டு பக்கம் அவன் பிடிச்சுக்குவான், நீங்க இந்தப் பக்கம் பிடிங்க. உங்க பனியனப் பாத்ததும் அவனே பேச்சுக் குடுப்பான், பாருங்க. இது என் தங்கச்சின்னுவான். எனக்காக கம்பெனிக்காரன் கூட எப்படி சண்ட போட்டா தெரியுமான்னு ஆரம்பிப்பான். மொத தடவ கேக்குற மாதிரி கேளுங்க தம்பி.