அஞ்சாவது கட்டம்

குளோரி அக்கா, இந்த நேரத்துல எழுதுறதுக்கு மன்னிச்சுக்கோங்க. மணி பன்னிரண்டரை ஆகுது. பாப்பா இப்பதான் கண் அசந்தா. ஞாயித்துக்கிழமை பெண்கள் கூடுகையில என்னைப் பேசச் சொன்னீங்களே, அதுல நடுவுல சொல்லப்போற கதையை மட்டும் எழுதியிருக்கேன். மைக் முன்னாடி நின்னா எல்லாம் மறந்துடும், அதனால பேசுற மாதிரியே எழுதிட்டேன். வாசிச்சுப் பாருங்க.

சகோதரிமாரே, இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேல போறேன். கதைன்னு பேருக்குத்தான் சொல்றேன்... நான் பக்கத்துல நின்னு பார்த்தது.

நான் வெப்சைட் கட்டுற வேலை பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு வேலை வந்துச்சு. அஞ்சு ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கி இருக்கு. பால் நிறைய சுரக்கிற அம்மாமார் கொடுக்கிறதைச் சுத்தம் பண்ணி, குறைமாசப் பிள்ளைகளுக்காக எடுத்து வெச்சிருப்பாங்க. எந்த ஆஸ்பத்திரியில எத்தனை பாட்டில் இருக்குன்னு ஒரே திரையில தெரியணும். அஞ்சு ஆஸ்பத்திரிக்கு அஞ்சு கட்டம். அவ்வளவுதான்.

அது எப்படித் தெரியும்? ஓட்டலுக்குப் போறோம். நாமளா எழுந்து சமையல்கட்டுக்குள்ள போறோம்? சர்வர்கிட்ட சொல்றோம், அவர் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து சொல்றார். இங்கயும் அதே கதைதான்... பேர்கூட சர்வர்தான். நீங்க திரையில விரலை வெக்கிறீங்க. உங்க கேள்வி அஞ்சு ஊருக்கு ஓடுது. அஞ்சு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரையும் தட்டிக் கேட்டுட்டு, நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள எண்ணிக்கையோட திரும்பி வந்து நிக்குது. ஆறு வருஷமா இதே வேலைதான் செய்றேன். இன்னைக்கும் அந்த எண் வந்து விழறப்போ எனக்கு உடம்பு சிலிர்க்குது.

திரை ஓட ஆரம்பிச்ச முதல் நாள். நானும் அந்த அஞ்சுல ஒரு ஆஸ்பத்திரியில நிக்கிறேன். அங்க பொற்கொடின்னு ஒரு சிஸ்டர். இருபது வருஷ சர்வீஸ். உள்ள கண்ணாடிப் பெட்டியில ஒரு பெண்குழந்தை... ஆயிரத்து நூறு கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில வெச்சுப் பாருங்க, அவ்வளவுதான் அந்தப் பிள்ளை. பெத்தவ சுகிர்தாவுக்கு இன்னும் பால் ஊறல. எங்கேயிருந்தாவது வரணும். அதுவும் அன்னைக்கே வரணும்.

திரையைத் திறந்தோம். முதல் கட்டம்... இல்லை. ரெண்டாவது... இல்லை. மூணு, நாலு, அஞ்சு... இல்லை, இல்லை, இல்லை.

சுகிர்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டா.

பொற்கொடி சிஸ்டர் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு அஞ்சாவது கட்டத்தை உத்துப் பார்த்தாங்க. "ஏம்மா, நேத்து சாயங்காலம் போன்ல கேட்டப்போ இந்த ஆஸ்பத்திரியில ஒன்பது பாட்டில் இருந்துச்சே. விடியறதுக்குள்ள ஒன்பதையும் யாரு குடிச்சா? நீயா?"

"சிஸ்டர், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல. அங்க போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுதா, கேக்காமலே சொல்லுதா?"

சகோதரிமாரே... அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சுச்சு. ஏன்னா அந்தத் திரையைக் கட்டினவ நான். பதில் வந்தா எண்ணைக் காட்டுன்னு எழுதினேன். பூஜ்யம்னு வந்தா 'இல்லை'ன்னு காட்டுன்னு எழுதினேன். பதிலே வரலைன்னா? கட்டம் காலியா இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு... அதுக்கும் 'இல்லை'ன்னே எழுதிட்டேன். நாலு 'இல்லை' நிஜம். அஞ்சாவது 'இல்லை' என் கைவேலை. அந்த ஊர்ல காலையிலேர்ந்து நெட் இல்ல. போன கேள்வி திரும்பியே வரல. உள்ள போன சர்வர் வெளிய வரலைன்னா, தோசை இல்லைன்னா அர்த்தம்?

சிஸ்டர் அந்த அஞ்சாவது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாங்க. மணி அடிக்குது, அங்க யாரும் எடுக்கல. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "எடுக்கல பாரு. 'இல்லை'ன்னு எழுதிக்கவா?"

சிஸ்டர் மறுபடி நம்பரைப் போட்டாங்க.

ரெண்டாவது தடவையும் எடுக்கல. மூணாவது தடவை எடுத்தாங்க. "ஏழு பாட்டில் இருக்கு சிஸ்டர், வண்டி அனுப்புங்க."

மத்தியானம் பால் வந்துச்சு. யாரோ ஒரு அம்மா... பேர் தெரியாது, முகம் தெரியாது. அவங்க பால்ல ரெண்டே ரெண்டு மில்லி. முடி மாதிரி ஒரு குழாய் வழியா அது இறங்குறதை நான் பார்த்தேன். அந்தச் சின்ன வயிறு மெதுவா ஏறி இறங்குச்சு. அந்த ரூம்ல செருப்புப் போட்டு நிக்கவே எனக்குக் கூசிச்சு.

அன்னைக்கே அந்த வார்த்தையை மாத்தினேன். இப்ப பதில் வராத கட்டத்துல 'இல்லை'ன்னு வராது. 'பதில் இன்னும் வரவில்லை. மறுபடி கேட்கிறேன்'னு வரும். நிஜமாவே கேட்டுக்கிட்டே இருக்கும்.

இப்ப உங்ககிட்ட கேக்குறேன். எத்தனை கட்டத்துல நாம அவசரப்பட்டு 'இல்லை'ன்னு எழுதி வெச்சிருக்கோம்? வருஷக்கணக்கா ஒரே ஜெபம்... பதில் வரல. உடனே 'இல்லை'ன்னு எழுதிட்டோம். யாரு சொன்னா இல்லைன்னு? ஆண்டவர் சொன்னாரா, காலியா இருந்தா பார்க்கச் சகிக்கலைன்னு நாமளே எழுதினதா?

என் மகளுக்கு ரெண்டு வயசாகப் போகுது. இன்னும் ஒரு வார்த்தை பேசல, 'அம்மா'ன்னுகூட. டாக்டர் பயிற்சி கொடுங்க, பார்ப்போம்னு சொல்லியிருக்கார். நான் மனசுக்குள்ள எப்பவோ 'இல்லை'ன்னு எழுதிட்டேன். போன வாரம்தான் அழிச்சேன். இப்ப தினமும் காலையில அவ முன்னாடி உட்கார்ந்து, 'அம்மா எங்க?'ன்னு கேக்குறேன். பதில் இன்னும் வரல. மறுபடி கேக்குறேன்.

அவ்வளவுதான் அக்கா கதை. கடைசியில பாப்பாவைப் பத்தி எழுதினதைச் சபையில சொல்லலாமா, எடுத்துடவா? வீட்டுல அத்தை வேண்டாம்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. உங்ககிட்டேயிருந்து பதில் வரலைன்னா வேண்டாம்னு சொல்றதா எடுத்துக்க மாட்டேன், ஆனா தூங்கவும் மாட்டேன். நாளைக்குள்ள ஒரு வரி பதில் போடுங்க அக்கா.

ஹெப்சி